ஏழாவது தட்டு

ஜெலாப்பாங், ஈப்போ, மலேசியா
3 மே 2024

என் அன்புத் தங்கை சிஸ்டர் ஃபெலிசிட்டாவுக்கு,

ஆண்டவர் உன்னைக் காப்பாராக. என்னைக் காத்துக் காத்து அவர் களைத்துப்போய்விட்டார். இங்கே எல்லாரும் நலம், என் முட்டியைத் தவிர. உன் சளி எப்படி? தலைத்துணிதான் இருக்கிறதே என்று சொல்லாதே, காதுக்குப் பஞ்சு வை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பாய். வாட்ஸாப் எனக்கு இனி ஆகாது. என் சின்ன நாத்தனார் வைத்த மீன் கறியைப் பற்றி உனக்கென்று பேசிய குரல் பதிவு குடும்பக் குழுவுக்குப் போய்விட்டது. நாத்தனார் அதை இரண்டு முறை கேட்டாளாம். உன் போனோ உங்கள் மடத்துத் தலைவி மதரின் அறையில். அவர் பக்கத்தில் இருந்தால் "சரி அக்கா, செபம் பண்ணுங்க" என்பதற்கு மேல் நீ வாய் திறப்பதில்லை. ஆகவே தாளும் பேனாவும்.

சேதி இதுதான். ஜூன் மாதம் நாங்கள் நால்வரும் உன் பிள்ளைகள் இல்லத்துக்குத் தொண்டு செய்ய வருகிறோம். உன் அத்தான் ஸ்டானிஸ்லாஸ் தஞ்சோங் ரம்புத்தான் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அதிகாரம் செய்ய ஆள் கிடைக்காமல், குடும்பத்தையே ஒரு குழுவாக ஆக்கிவிட்டார். ஆரஞ்சு நிறத்தில் சட்டை அடித்திருக்கிறோம். முதுகில் "அன்பின் கரங்கள்" என்று இரண்டு கை படம். என் அளவு கடையில் இல்லை. இரண்டு சட்டையை வெட்டிச் சேர்த்துத் தைத்தார்கள். என் முதுகில் மட்டும் கரங்கள் நான்கு.

ரோய்ஸ்டன் கித்தார் வாசிப்பான். ட்ரேசி பாலர் பள்ளி டீச்சர் அல்லவா, பொம்மலாட்டம் காட்டுவாள். நான் சமைப்பேன், என் கேட்டரிங்கைச் சாப்பிட்ட யாரும் இதுவரை வழக்குப் போட்டதில்லை. சுவருக்குப் பெயிண்ட் அடிக்கலாம் என்கிறார் அத்தான். பிள்ளைகளுக்கு என்ன நிறம் பிடிக்கும்?

உன்னைப் பார்க்கத் துடிக்கும்
ஹில்டா அக்கா

*

அடைக்கல மாதா இல்லம், ஹட்டன், இலங்கை
20 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

இறைவனின் அமைதி உங்கள் வீட்டில் தங்கட்டும். என் சளி போய்விட்டது. உங்கள் முட்டிக்காகப் பிள்ளைகள் செபிக்கிறார்கள்.

பெயிண்ட் வேண்டாம். போன வருடம் வந்த குழு மஞ்சள் அடித்தது. அதற்கு முந்தியது நீலம், அதற்கும் முந்தியது பச்சை. மழையில் சுவர் உரிந்தால் எந்தெந்த நாட்டார் வந்தார்கள் என்று சொல்லிவிடலாம். கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை. அதை இதுவரை எந்தக் குழுவும் கேட்டதில்லை. அத்தானுக்குக் கை துறுதுறுத்தால் அதைப் போட்டுத் தரட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். மறுபடி வருவோம் என்று பிள்ளைகளிடம் யாரும் சொல்லக் கூடாது. வருகிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். அவர்கள் போன பிறகு கேட்டையே பார்த்துக்கொண்டிருப்பது பிள்ளைகள், பதில் சொல்வது நான்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
ஃபெலிசிட்டா

*

ஜெலாப்பாங்
5 ஜூலை 2024

அன்பு ஃபெலி,

உடம்பும் பெட்டியும் பத்திரமாக வந்து சேர்ந்தோம். சமையலுக்குக் கொண்டுபோய் மிஞ்சிய பெலாச்சான் இறால் விழுதுப் பாட்டில் உடைந்து பெட்டி முழுக்க நாறியதால் விமான நிலையத்தில் எங்களைச் சோதிக்காமலே விரட்டிவிட்டார்கள். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

தாழ்ப்பாள் எல்லாம் விழுகிறதா என்று அத்தான் கேட்கச் சொன்னார். இப்போது நம் கோயிலில் யாரைப் பார்த்தாலும் இலங்கைத் தாழ்ப்பாள் கதைதான். ஃபாதரே இவரைக் கண்டால் பூசை அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறார்.

நான் அந்த உறுதிபூசுதல் கதையை, ஆயர் பெரிய பிள்ளைகளுக்கு எண்ணெய் பூசி விசுவாசத்தில் உறுதிப்படுத்திய அன்று நடந்ததைத்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மண்சரிவில் பாதை அடைபட்டு, ஞானத்தாய், ஞானத்தந்தையாக நிற்க வேண்டியவர்கள் வராமல் போனது. ஆயர் பசியோடு பீடத்தில் நின்றது. மதர் சுற்றுமுற்றும் பார்த்தது. ஆரஞ்சு நிறத்தில் நாங்கள் கண்ணில் பட்டது. ஆளுக்கொரு பிள்ளை என்று எங்களை இழுத்து நிறுத்திவிட்டார்களே! எனக்கு வாய்த்தது ஷர்மினி, உன் பெரிய பிள்ளைகளில் ஒல்லியானவள், கண்ணாடிக் காலை நூலால் கட்டியிருப்பவள். "இந்தப் பிள்ளைக்குத் துணையாக இருப்பீர்களா?" என்று ஆயர் கேட்டபோது, அடுப்பில் பருப்பு பிடித்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதற்றத்தில் "இருப்பேன்!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆயர் ஓர் அடி பின்னால் போனார்.

சாயந்தரம் அவள் சமையலறைக்கு வந்தாள்.

"ஞானம்மா, உங்களுக்குக் கணக்கு வருமா?"

"என் இடுப்பளவே எனக்குக் கணக்கில வராதும்மா."

அவள் சிரிக்கவில்லை. கணக்குக் கொப்பியைத் திறந்து ஒரு முக்கோணத்தைக் காட்டி, அது ஏன் அப்படி என்று எனக்கே விளக்கினாள். என் பகடிக்குச் சிரிக்காத பெண்ணை அன்றுதான் பார்த்தேன். பிடித்துவிட்டது.

உன் சட்டத்தை மீறவில்லை. மறுபடி வருவேன் என்று சொல்லவே இல்லை.

முத்தங்களுடன்
அக்கா

*

ஹட்டன்
30 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

தேவ கிருபையால் நலம். தாழ்ப்பாள் எல்லாம் நன்றாக விழுகின்றன.

மறுபடி வருவேன் என்று நீங்கள் சொல்லவில்லை, உண்மை. அதைவிடப் பெரியதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இந்தத் தேயிலைத் தோட்டங்களில் ஞானத்தாய் என்றால் பூசை முடிந்ததும் கழற்றி வைக்கிற உறவு இல்லை. நல்லது கெட்டது எல்லாவற்றிலும் அவளுக்கு இடம் உண்டு, சொல் உண்டு.

ஷர்மினிக்கு அப்பா இல்லை. அம்மா வளைகுடா நாட்டில் வீட்டு வேலைக்குப் போனவர்; கடிதம் குறைந்துவிட்டது. இங்கே கொண்டுவந்து சேர்த்தது அவள் சித்தப்பா தேவன். மார்ச் மாதம் அவளுக்குச் சாதாரண தரப் பரீட்சை, நம் ஊர்ப் பள்ளியிறுதி எஸ்.பி.எம். மாதிரி. பாஸ் பண்ணிக் கணிதம் படிக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறாள். எனக்கு மலேசியாவில் ஞானம்மா இருக்கிறார் என்று எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்லியாகிவிட்டது.

நீங்கள் படத்துக்கு நின்றதுதான் என்றால் இப்போதே எழுதிவிடுங்கள். அவளிடம் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். உங்கள்மேல் எனக்கு வருத்தம் இருக்காது.

செபத்தில் நினைக்கும்
ஃபெலிசிட்டா

*

ஜெலாப்பாங்
21 ஆகஸ்ட் 2024

ஃபெலி,

சுகம் விசாரிக்கும் மனநிலையில் இல்லை. நீ சுகமாகத்தான் இருப்பாய், இப்படிக் கடிதம் எழுதுகிறவளுக்கு என்ன குறை. உன் தாளைப் பருப்பு டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டுச் சில நாள் அந்தப் பக்கமே போகவில்லை. வீட்டில் பருப்பே சமைக்கவில்லை.

ட்ரேசி வேறு கேட்டாள். "மம்மி, ஒரு மணி நேரம் நின்னதுக்கு இவ்ளோ ஃபீலிங்கா லா?"

"உன்னப் பெத்ததும் அரை நாள் வேலைதான். இன்னும் விட்டேனா?" என்றேன்.

நின்றது நின்றதுதான் என்று எழுதிக்கொள். ஷர்மினிக்குத் தனியாக ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். இனி மாதாமாதம் வரும். முறுக்கும் வரும்.

உடம்பைப் பார்த்துக்கொள், கோபம் இன்னும் இருக்கிறது.
அக்கா

*

ஹட்டன்
2 டிசம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

திருவருகைக் கால வாழ்த்துகள். அத்தானுக்கு இரத்த அழுத்தம் குறைந்ததா? இங்கே குளிர் தொடங்கிவிட்டது. கோகிலாவுக்குப் பொன்னுக்குவீங்கி வந்து தேறிவிட்டாள். கலாதேவி சித்திரப் போட்டியில் முதல். ஆடு இரண்டு குட்டி போட்டது. ஒன்று கறுப்பு, ஒன்று புள்ளி. புள்ளிக் குட்டி நூலகத்துக்குள் புகுந்து வேதாகமத்தின் ஓரத்தைக் கடித்துவிட்டது. போஞ்சி நன்றாகக் காய்த்திருக்கிறது. உங்கள் முறுக்கு வந்தது, பிள்ளைகள் பகிர்ந்துகொண்டார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது.

வேறு விசேஷம் இல்லை.

ஃபெலிசிட்டா

*

ஜெலாப்பாங்
11 டிசம்பர் 2024 – கூரியரில்

ஃபெலி,

அத்தான் நலம். நானும் நலம். ஆட்டுக்குட்டியும் நலம் என்று தெரிந்துகொண்டேன். போஞ்சியும் நலம்.

என் பிள்ளை எங்கே?

முறுக்குப் பொட்டலத்தில் ஷர்மினி என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். அதைப் பிள்ளைகள் பகிர்ந்துகொண்டார்கள் என்றால், அவள் ஏன் பிரிக்கவில்லை? நவம்பரில் நான் போட்ட கடிதத்துக்கும் அவளிடமிருந்து பதில் இல்லை. சின்ன வயதில் நீ கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டுப் பூனையைப் பற்றிப் பேசுவாய். எனக்குத் தெரியாதா உன்னை?

உடனே எழுது.
ஹில்டா

*

ஹட்டன்
21 டிசம்பர் 2024 – கூரியரில்

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் அனைவரின் நலத்துக்கும் செபிக்கிறேன்.

ஷர்மினிக்குப் பதினாறு முடிந்த வாரமே, வேலைக்கு விடும் வயது வந்துவிட்டது என்று தேவன் வந்து அழைத்துப் போய்விட்டார். பொங்கல் கழிந்ததும் கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு விடுவதாகப் பேசி முடித்திருக்கிறார். பரீட்சை எழுதும்வரை விடுங்கள் என்று நானும் மதரும் கேட்டோம். என் ரத்தம், எனக்குத் தெரியும் என்றார். அவர் குடியிருக்கும் லயத்துக்கு, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, நான் இரண்டாம் முறை போனபோது சத்தம் போட்டு, ஆயர் இல்லம்வரை முறையிட்டுவிட்டார். இனி சிஸ்டர் யாரும் அந்த லயத்துப் பக்கம் போகவோ, வெளியாட்களை அழைக்கவோ கூடாது என்று மதர் சொல்லிவிட்டார். நான் கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவள். ஆகவே உங்களிடம் எதுவும் கேட்கவில்லை, அக்கா. வெறும் ஊர்ச் செய்தி எழுதுகிறேன்.

போன வாரம் மேல் பிரிவுத் தோட்டத்தில் ஒரு சடங்கு. பல வருடம் பேச்சு வார்த்தை இல்லாத தாய்மாமன் மேளத்தோடு சீர்த்தட்டு கொண்டுவந்துவிட்டார். படி ஏற விடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த வீட்டுக்காரரே எழுந்து பாய் போட்டார். தட்டோடு வருகிறவரைத் திருப்பி அனுப்பினால் லயமே காறித் துப்பும். தட்டை வாங்கியவர், கொண்டுவந்தவரின் சொல்லையும் உட்கார்ந்து கேட்டாக வேண்டும். அதுதான் இங்கே முறை. பொங்கல் சீருக்குக் காரணமே தேவையில்லை. உறவு என்றால் போதும்.

மண்சரிவு விழுந்த பாதையைச் செப்பனிட்டுவிட்டார்கள். பொங்கல் வாரத்தில் மதர் என்னைக் கண்டிக்கு மௌனத் தியானத்துக்கு அனுப்புகிறார். தேவன் வீடு கீழ்ப் பிரிவு, மூன்றாம் லயம். இவ்வளவுதான் செய்தி.

பிறப்பு விழா வாழ்த்துகளுடன்
ஃபெலிசிட்டா

*

ஜெலாப்பாங்
2 ஜனவரி 2025 – கூரியரில்

அன்பு ஃபெலி,

புது வருட வாழ்த்து. செய்திக்கு நன்றி. ரொம்ப சுவாரசியமான செய்தி.

முதலில் உன் அத்தான் குதித்தார். "அடுத்தவன் வீட்டு வாசல்ல போய் நிக்கிறதா? அவன் பாராங் கத்தி எடுத்துட்டு வந்தா நீ ஓடுவியா லா? உன்னால ஓட முடியுமா?"

"அதுக்குத்தான் நிக்கப் போறேன்."

அவர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கோபித்துக்கொண்டு பாரிட் புந்தாரில் அவர் அண்ணன் வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். சாயந்தரம் திரும்பி வந்தார், லிட்டில் இந்தியாவிலிருந்து எவர்சில்வர் தட்டுகளோடு. ஆறு வாங்கியிருந்தார். பக்கத்து வீட்டு முத்தம்மா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "ஒத்தப்படையா இருக்கணும் அண்ணே! இதுகூடத் தெரியாம என்னா ஆம்பள நீங்க?" தன் வீட்டுத் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்து, எதை முதலில் நீட்ட வேண்டும், எதைக் கடைசியில் நீட்ட வேண்டும் என்று எனக்கு இரண்டு நாள் பாடம் எடுத்தாள். நம் வேதபாட வகுப்பில்கூட நான் இவ்வளவு கவனமாக உட்கார்ந்ததில்லை.

ரோய்ஸ்டனும் ட்ரேசியும் லீவு போட்டாகிவிட்டது. ஆரஞ்சுச் சட்டை வேண்டாம் என்று ஏகமனதாக முடிவு.

நீ நிம்மதியாக மௌனம் காக்கவும்.
அக்கா

*

அடைக்கல மாதா இல்லம், உன் மேசையில்
15 ஜனவரி 2025

ஃபெலி,

உன் தியானம் நன்றாக நடக்கட்டும். நம் வீட்டில் ஒருத்தியாவது பேசாமல் இருப்பது உலகத்துக்கு நல்லது. மாலை ரயிலைப் பிடிக்க வேண்டும், ஆகவே எழுதி வைத்துவிட்டுப் போகிறேன்.

நேற்றுக் காலை மூன்றாம் லயத்துக்குக் கீழே வேன் நின்றுவிட்டது. அதற்கு மேல் படிதான். எனக்குப் பட்டுச் சேலை, முட்டியில் கட்டு. ஏழு தட்டுக்கு நாங்கள் நான்கு பேர். பொங்கல் லீவில் இருந்த கொழுந்து பறிக்கும் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"யாருக்குங்க சீரு?"

"ஷர்மினிக்கு. நான் ஞானத்தாய்."

"அந்த மலேசியா அம்மாவா? குடுங்க அந்தத் தட்ட!"

மீதி மூன்றும் கைமாறின. "மேளம் இல்லாம என்னா சீரு?" என்று ஒருத்தி மூக்கில் விரல் வைத்தாள். ரோய்ஸ்டன் தன் தட்டை அவளிடமே கொடுத்துவிட்டுக் கித்தாரை எடுத்தான். அவனுக்குத் தெரிந்தது கோயில் பாட்டு மட்டுமே. அதைப் பேய்வேகத்தில் அடித்தான். லயத்துப் பிள்ளைகள் ஆடிக்கொண்டு முன்னால் ஓடினார்கள்.

தேவன் வாசலில் பொங்கல் பானைக்கு முன்னால் இருந்தான். முறுக்கு மீசை வில்லனை எதிர்பார்த்துப் போனேன். தூக்கம் கெட்ட, மெலிந்த ஆள். ஷர்மினி அடுப்படியில் நின்றாள். ஓடி வரவில்லை. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அப்படியே பார்த்தாள்.

"பொங்கல் சீர் கொண்டாந்திருக்கேன் தம்பி. ஒங்க அண்ணன் மகளுக்கு ஞானத்தாய் நான்."

"அதெல்லாம் அண்ணி பக்கத்துச் சர்ச்சு விசயம். நாங்க முனியாண்டி கும்புடுறவங்க."

"முனியாண்டி சீர் வேணாம்னு சொல்லுவாரா?"

சுற்றிலும் சிரிப்பு. அவன் கூட்டத்தைப் பார்த்தான். வேறு வழியில்லாமல் பாயை உதறிப் போட்டான். முத்தம்மா சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி நீட்டினேன். வெற்றிலை பாக்கு, மஞ்சள் குங்குமம், பழம், அரிசி வெல்லம், கரும்பு, புதுச் சேலை. ஆறையும் இரு கையாலும் வாங்கி உள்ளே வைத்தான்.

ஏழாவது தட்டில் கொப்பிகள், பழைய வினாத்தாள்கள், ஒரு காம்பஸ் பெட்டி.

"இது மார்ச் மாசப் பரீட்சைக்கு," என்றேன்.

அவன் கை நின்றுவிட்டது. "அடுத்த வாரம் கொழும்புக்குப் போற புள்ளைக்கு இது என்னாத்துக்கு?"

"எழுதட்டும் தம்பி. அப்புறம் பேசிக்கலாம்."

"வீட்டு நெலம தெரியாமப் பேசாதீங்க. என் சம்சாரம் மலையில விழுந்து இடுப்பு ஒடஞ்சு கெடக்குது. அண்ணி அனுப்புறதும் நின்னு போச்சு. நான் ஒத்த ஆளு. என்னா பண்ணச் சொல்றீங்க?"

ஃபெலி, என் வாயில் பகடி வரவில்லை. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தட்டு கனத்தது. "கீழ வை லா, உன் முட்டி என்னாவுறது?" என்றார் பின்னால் நின்ற உன் அத்தான். வைக்கவில்லை.

"எனக்கும் பதில் தெரியல தம்பி. ஆனா இந்தப் புள்ளைக்குத் தொணையா இருப்பேன்னு ஆயர் முன்னால சொன்னேன். நீங்க இத வாங்குற வரைக்கும் நிப்பேன்."

பானை பொங்கி நெருப்பில் வழிந்தது, எடுக்க ஆளில்லை. அப்போது உள்ளே கட்டிலிலிருந்து அவன் மனைவி கருப்பம்மாள் குரல் கொடுத்தாள்.

"ஆறு வாங்குன கை ஏழாவதுக்கு நோவுதோ? வாங்குய்யா! அந்தம்மா மயங்கி விழுந்தா தூக்குறதுக்கு நம்ம லயத்துல ஆள் பத்தாது!"

லயமே சிரித்தது. தேவன் சிரிக்கவில்லை. திரும்பி ஷர்மினியைக் கேட்டான். "நீ என்னா சொல்ற?"

"எழுதணும் சித்தப்பா."

வாங்கினான். வாங்கிக்கொண்டே என்னை மடக்கினான். "ஒன்னு சொல்றேன் அக்கா. சீரு கொண்டாந்தவங்க பாதியில கழண்டுக்கக் கூடாது. பாஸானா மேல படிக்க வக்கிறதுக்கு, பெயிலானா அடுத்து என்னான்னு பாக்குறதுக்கு, நாளைக்கு ஒரு கல்யாணம் காட்சிக்கு, எல்லாத்துக்கும் நீங்க வந்து நிக்கணும். சம்மதமா?"

"சம்மதம்," என்றேன். அத்தானுக்குப் புரை ஏறிவிட்டது. இத்தனைக்கும் வாயில் எதுவும் இல்லை.

ஆனால் பிறகு அவர்தான் பொழுது சாயும்வரை அந்த வீட்டில் இருந்தார். படுத்திருப்பவரை எப்படிப் புரட்ட வேண்டும், எப்படித் தூக்கி உட்கார வைக்க வேண்டும் என்று தேவனுக்குச் செய்து காட்டினார். கருப்பம்மாளை நல்ல டாக்டரிடம் காட்டும் பொறுப்பையும் அவரே தலையில் போட்டுக்கொண்டார்.

உன் சட்டத்தையும் உடைத்துவிட்டேன். மறுபடி வருவேன் என்று ஷர்மினியிடம் சொன்னேன். "எப்ப?" என்றாள். கணக்குப் பிள்ளை அல்லவா, தேதி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

உன் கட்டிலில் படுத்து முட்டியை நீட்டிக்கொண்டதற்கு மன்னிக்கவும்.
அக்கா

*

ஹட்டன்
29 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முட்டி, அத்தானின் இரத்த அழுத்தம், பிள்ளைகள் எல்லாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கருப்பம்மாள் கோல் ஊன்றி வாசல்வரை நடக்கிறார்.

பரீட்சை முடிந்தது. நீங்கள் போன வாரமே தேவன் பெட்டியைத் தன் தலையில் வைத்து ஷர்மினியை இல்லத்தில் கொண்டுவந்து விட்டார். பரீட்சை நாட்களில் தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பள்ளிக்கூட கேட்டில் நின்றார். வேலைக்குப் போகவில்லையா என்று கேட்டேன். "இவ பெயிலானா அந்தக்கா திரும்ப வந்து நிக்கும் சிஸ்டர். எங்க வாசல் தாங்காது," என்றார். கணக்குத் தாளில் ஒரு விடை பிழைத்துவிட்டதாம். ஷர்மினி இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை. மறுநாள் சரியாகிவிட்டாள்.

மதர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். உன் அக்காவுக்குச் சீர் விஷயம் யார் சொன்னது என்று கேட்டார். ஊர்ச் செய்தி எழுதினேன் மதர் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "கோகிலாவுக்கு எப்போது பதினாறு?" என்றார்.

ஆகவே இந்த முறை நான் செய்தி எழுதவில்லை, அக்கா. மதரின் அனுமதியோடு கேட்கிறேன். முதல் தடவையாகக் கேட்கிறேன். டிசம்பரில் கோகிலாவுக்கும் கலாதேவிக்கும் இன்னும் சில பிள்ளைகளுக்கும் உறுதிபூசுதல். கோகிலாவின் பெரியப்பா தேவனைவிடப் பிடிவாதக்காரர். கலாதேவியை அழைத்துப் போக யார் வரப்போகிறார்கள் என்றே தெரியவில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஞானத்தாய் வேண்டும். படம் எடுக்க வருகிறவர்கள் வேண்டாம்.

உங்கள் கோயிலில் நிற்கத் தெரிந்த பெண்கள் இன்னும் யாராவது இருக்கிறார்களா?

பதிலுக்குக் காத்திருக்கும் தங்கை
ஃபெலிசிட்டா